வாய் தடுமாறும்போது கை என்ன செய்கிறது?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. எட்டு மாணவர்களுக்குப் பூனைக் கார்ட்டூன் ஒன்றைக் காட்டி, அதன் கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லவிட்டுக் கைகளைப் படம்பிடிக்கப் போகிறாய் என்று படித்ததும் மகிழ்ச்சி. ஆனால் "ஆங்கிலத்தில் கை அதிகம் ஆடும், சொல் கிடைக்காத இடத்தைக் கை நிரப்பும்" என்று முடிவையும் சேர்த்தே எழுதிவிட்டாயே, அங்கேதான் உன்னோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

சைகை ஆய்வாளர்கள் கிராசியானோவும் குல்பெர்கும் 2018-ல் வெளியிட்ட ஆய்வைப் பார். தாய்மொழியில் பேசும் பெரியவர்கள், குழந்தைகள், இரண்டாம் மொழி கற்பவர்கள் என மூன்று தரப்பிலும் சைகைகளில் பெரும்பகுதி சரளமாக ஓடும் பேச்சோடுதான் வந்தது. பேச்சு நின்றால் கையும் பெரும்பாலும் அந்தரத்தில் நிற்கிறது. இடையில் மணிக்கட்டைச் சுழற்றுகிறார்களே, அது பொருளை வரைந்து காட்டுவதல்ல. "பொறு, சொல் வந்துகொண்டிருக்கிறது" என்று கேட்பவரைப் பிடித்து வைப்பது. அதைத் தனி வகையாகக் குறித்துக்கொள். வரைந்து காட்டும் சைகைகளோடு சேர்த்து எண்ணினால் உன் கணக்கு அங்கேயே சரிந்துவிடும்.

எத்தனை முறை கை அசைந்தது என்பதைவிட எப்படி அசைந்தது என்பதில்தான் சுவை. சொதாரோ கிட்டா, அஸ்லி ஒஸ்யுரெக் என்ற ஆய்வாளர்கள் 2003-ல் காட்டியது இதுதான். அவர்களும் கார்ட்டூனைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். அதில் பூனை கயிற்றைப் பிடித்து ஒரு கட்டடத்திலிருந்து எதிர்க் கட்டடத்துக்கு ஆடிப் பாய்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஸ்விங்' என்று ஒற்றை வினை கையில் இருக்கிறது. பேசியவர்களின் கையும் வில்லாக வளைந்தது. துருக்கிய மொழியிலும் ஜப்பானியத்திலும் அப்படி ஒரு வினை கிடையாது. பலருடைய கை நேர்கோட்டில் போனது. பூனை உருண்டுகொண்டே தெருவில் இறங்கும் காட்சியிலும் அப்படித்தான். ஆங்கிலக் கை உருளலையும் இறக்கத்தையும் ஒரே வீச்சில் காட்டியது. மற்ற இரண்டு மொழிக்காரர்களும் அவற்றைத் தனித்தனியாகக் காட்டும் போக்கு கூடுதலாக இருந்தது. இப்போது தமிழை எடுத்துக்கொள். 'உருண்டு இறங்கியது' என்பதில் உருண்டு எச்சம், இறங்கியது முற்று. கை ஒன்றாகப் போகிறதா, இரண்டாகப் பிரிகிறதா? அதே மாணவன் ஆங்கிலத்துக்கு மாறியதும் கையும் மாறுகிறதா, வாய் ஆங்கிலத்திலும் கை தமிழிலும் நிற்கிறதா? உன் பதிவில் எனக்கு வேண்டியது இந்த ஒரு காட்சிதான்.

இரண்டாம் மொழி தாய்மொழிக் கையை மாற்றும் எதிர்த்திசையையும் மறக்காதே. ஓரளவே ஆங்கிலம் தெரிந்த ஜப்பானியர்களின் கை, ஜப்பானியம் பேசும்போதுகூட மாறியிருந்ததை பிரவுனும் குல்பெர்கும் 2008-ல் எழுதினார்கள். ஆகவே உன் எட்டுப் பேரின் தமிழ்க் கையை 'தூய தாய்மொழிக் கை' என்று எடுத்துக்கொள்ள முடியாது.

படம்பிடிப்பதில் சில விஷயங்கள். நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டாம். இருந்தால் முழங்கை அதில் உட்கார்ந்துகொள்ளும். பேனா, போன் எதுவும் கையில் கூடாது. சட்டகம் தொடையிலிருந்து தலைக்கு ஒரு சாண் மேல் வரை இருக்கட்டும். கையைப் பார்க்கிறோம் என்று மூச்சுவிடாதே, 'கதை சொல்லும் பயிற்சி' என்று சொல். உண்மையை முடிந்தபின் சொல்லிப் பதிவுக்கு ஒப்புதல் வாங்கு. நான்கு பேர் தமிழில் தொடங்கட்டும், நான்கு பேர் ஆங்கிலத்தில். இரண்டாம் முறைக்குக் கார்ட்டூனைப் பார்க்காத வேறொருவரை எதிரில் உட்காரவை. ஏற்கெனவே கேட்டவரிடம் திருப்பிச் சொல்லும்போது சைகை சுருங்கும். ஆங்கிலச் சுற்றில் எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்தால் பாதியில் தமிழுக்குத் தாவிவிடுவார்கள்.

எண்ணும்போது பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. நூறு சொல்லுக்கு எத்தனை சைகை என்று வகுக்காதே. 'போகவேண்டியிருந்தது' தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று. அந்த வகுத்தலிலேயே தமிழ்க் கை சுறுசுறுப்பாகத் தெரியும். நிமிடக் கணக்கும் உதவாது, இரண்டாம் மொழியில் மௌனம் அதிகம். வாக்கியக் கூறு (ஒரு வினையும் அதைச் சார்ந்த சொற்களும்) ஒன்றுக்கு எத்தனை என்று எடு, அதுவே ஓரளவு நியாயம்.

பதிவில் கை அசைவுகளைக் குறிப்பதற்கு, நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் 'எலான்' மென்பொருள் இலவசம். முதலில் ஒலியை மூடிவிட்டுக் கையை மட்டும் குறி: மடியிலிருந்து எழுவது, பொருளைக் காட்டும் உண்மையான வீச்சு, நிறுத்தம், திரும்பி இறங்குவது. சைகை என்று எண்ண வேண்டியது வீச்சை மட்டும். மூக்கைச் சொறிவது, முடியை ஒதுக்குவது கணக்கில் சேராது. பிறகு ஒலியைத் திறந்து, வீச்சு எந்தச் சொல்லின் மேல் விழுகிறது என்று பார். நொடிக்கு 25 சட்டகம் என்றால் ஒரு சட்டகம் 40 மில்லிநொடி. இந்த வேலைக்கு அது போதும். ஐந்தில் ஒரு பங்கை வேறொருவரிடம் கொடுத்துத் தனியாகக் குறிக்கச் சொல். நீங்கள் இருவரும் எங்கே முரண்படுகிறீர்களோ அங்கே உன் வகைப்பாடு தெளிவில்லை என்று பொருள்.

இன்னொன்று. 'வந்தான்', 'வந்தாள்' என்று தமிழில் வினையே ஆளைக் காட்டிவிடும். இரண்டாம் மொழியில் தொடக்கநிலையில் இருப்பவர்கள் ஆளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் கை காற்றில் அந்த ஆளுக்கு ஒதுக்கிய இடத்தைத் தொடும். அதைப் பார்த்து 'ஆங்கிலத்தில் சைகை பெருகியது' என்று எழுதிவிடாதே, பெருகியது பெயர்தான்.

முதல் இரண்டு பேரின் பதிவு முடிந்ததும் உருளும் காட்சியை மட்டும் வெட்டி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்