அப்பாவின் நீல நோட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசலாம்தான். ஆனால் நீ "சைட்ல இருக்கேன்ம்மா" என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கொண்டாயா? அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது 41 வயதில் தெரிந்தது. நீ அந்த வயதைத் தாண்டிவிட்டாய். ரியாத்தில் நல்ல லேப் இல்லாமலா இருக்கும்?

அப்பாவின் முதல் திதி ஆவணியில் வருகிறது. பேப்பரில் நினைவஞ்சலி போட நாலு வரி கேட்டு உனக்கு இரண்டு தடவை மெசேஜ் போட்டதாகச் சித்தப்பா சொன்னார். பதில் வரவில்லையாம். வேலை இருக்கும் என்றேன். கடைசியில் அவரே எழுதிக்கொண்டு வந்தார். பாம்பன் முதல் துபாய் வரை பாலம் கட்டியவர், திட்ட இயக்குநராக ஓய்வு பெற்றவர், எல்லாம் சரிதான். 'பாசமிகு குடும்பத் தலைவர்' என்ற இடத்துக்கு வந்தபோதுதான் உன் ஞாபகம் வந்தது. இதை நீ படித்தால் என்ன நினைப்பாய் என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். சித்தப்பாவுக்குக் கொடுத்த காபி ஆறிப்போய்விட்டது.

நான் எழுதியிருந்தால் பாம்பன் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரில் இருந்து ஆரம்பித்திருப்பேன். கல்யாணமான புதிதில் அங்கே ஓட்டு வீட்டில் இருந்தோம். சாயங்காலம் வந்தால் சட்டையெல்லாம் உப்புப் பூத்திருக்கும். "இந்தக் காத்துல கம்பிய நாலு நாள் சும்மா போட்டா துரு ஏறிடும்" என்று தூக்கத்தில்கூடப் புலம்புவார். அந்தப் பாம்பன் பாலத்தை 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தபோது அப்பா குவைத்தில் இருந்தார். பிறகு நாம்தான் பஸ்ஸில் போனோம். நீ ஜன்னலில் தலையை நீட்டி, கீழே போன ரயிலைப் பார்த்துக் கத்தினாய். அதை அவருக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தது போன மாதம்தான் எனக்குத் தெரியும்.

பரண் மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னேன். அதில்தான் கடிதமும் இருந்தது, நீல அட்டை போட்ட சைட் நோட்டும் இருந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் வந்தபோது அப்பாவின் கீழ் 63 பேர் வேலை பார்த்தார்கள். ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் அதில் இருக்கிறது. அவர்கள் தப்பி வந்த வழி பஸ்ரா, பாக்தாத், அப்புறம் பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டானில் அம்மான். அங்கிருந்து ஏர் இந்தியா 1,70,000 பேருக்கு மேல் கொண்டுவந்து சேர்த்ததே, அதில்தான் இவர்களும் வந்தார்கள். ஒருவன் விமானம் ஏறினால் சிவப்புப் பென்சிலில் ஒரு டிக். 63 டிக் விழுந்த பிறகுதான் அவர் ஏறியிருக்கிறார். இங்கே நானும் நீங்களும் ஆறு வாரம் எந்தத் தகவலும் இல்லாமல் கிடந்தோம். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. மற்றவர் பிள்ளைகளைத்தான் முதலில் ஏற்றிவிட்டார் என்று. இப்போது அந்த டிக்குகளைப் பார்த்தால் பெருமையாகவும் இருக்கிறது, வயிறும் எரிகிறது.

அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் கான்கிரீட்டின் பலம் பார்க்கும் கியூப் டெஸ்ட் கணக்கு. 7 நாள் இவ்வளவு, 28 நாள் இவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே 'தம்பி' என்று ஒரு வரிசை. 1,071. 1,134. 1,192. 1,250. முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. லீவில் வரும்போதெல்லாம் உன்னைச் சுவரோடு நிறுத்தி ஸ்டீல் டேப் வைப்பாரே, டேப் குளிர்கிறது என்று நீ நெளிவாயே, அந்த அளவு. மில்லிமீட்டரில் எழுதியிருக்கிறார்.

நீயும் இப்போது சைட்டில்தான் இருக்கிறாய். வெயில் காலத்தில் ராத்திரியில்தான் ஐஸ் கலந்து கான்கிரீட் போடுவார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் உன் பிளஸ் டூ ரிசல்ட் அன்று போன் செய்யாததும் அப்படி ஒரு ராத்திரியில்தான். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி வேலை முடிந்து பரோட்டா சாப்பிடாதே. ரத்தம் கொடுத்துவிட்டு வா.

தம்பி, நான் எழுத வந்தது வேறு. கருமாதி முடிந்து கிளம்பும்போது வாசலில் அக்காவிடம், "அவர் நம்ம வீட்டுக்கு விருந்தாளியா வந்துட்டுப் போனவர்தானே" என்றாய். நான் உள்ளே அரிசி அளந்துகொண்டிருந்தேன். காதில் விழுந்தது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது உன் பேச்சே இல்லை, என் பேச்சு. "உங்கப்பாவுக்கு வீடு ஒரு லாட்ஜ்" என்று உங்கள் எதிரில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

1991-ல் நம் வீட்டுக்குத் தளம் போட்டது உனக்கு நினைவிருக்கும். மொட்டை மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொம்பால் மொண்டு ஊற்றுவாய். சென்ட்ரிங் பிரித்த அன்று ராத்திரி, புதுத் தளத்துக்கு அடியில் உட்கார்ந்து அப்பா சொன்னார், "திருச்சியிலேயே ஒரு வேலை கூப்பிடுறாங்க. சம்பளம் கம்மி. இருந்துடறேன், பிள்ளைங்க வளர்றாங்க." நான்தான், "வட்டிய யார் கட்டுறது, பூச்சு வேலைக்கு யார் தருவா? ரெண்டே ரெண்டு வருஷம் போயிட்டு வாங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தலைக்கு மேல் இருந்த தளத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். 92-ல் மஸ்கட் போனார். அப்புறம் தோஹா, துபாய். இரண்டு வருஷம் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. துபாயில் மெட்ரோ ஓடிய பிறகும் அவர் திரும்பி வரவில்லை.

உங்களிடம் அவர் ஒரு தடவைகூட, "உங்கம்மாதான் போகச் சொன்னா" என்று சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. நீ அவரோடு முகம் கொடுத்துப் பேசாத வருஷங்களிலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பேப்பருக்கு நீ எழுத வேண்டாம், சித்தப்பா எழுதியதே போகட்டும். லீவு கிடைத்தால் ஆவணிக்கு வா, குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. நோட்டை உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். டேப்பும் அதோடு இருக்கிறது, துரு ஏறாமல் எண்ணெய் துடைத்திருக்கிறார்.

ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் போ. காபிகூடக் குடிக்காதே.

அன்புடன்,
அம்மா