மேடையிலிருந்து மேசைக்கு: நூலகப் பணியாளர் பயிற்சி குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களின் பணியாளர்களுக்குப் பயிற்சி திட்டமிடும் அலுவலர்களுக்கும், அதற்கு நிதி ஒதுக்குவோருக்கும்,

வணக்கம்.

உங்களிடம் முதலில் ஒரு சிறு சோதனையைக் கேட்டுக்கொள்கிறோம். கணினிப் பட்டியல் உள்ள ஏதாவது ஒரு நூலகத்துக்குப் போய், தேடுபெட்டியில் ‘மௌனம்’ என்று தட்டுங்கள். வரும் தலைப்புகளை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு ஒற்றைக் கொம்பு போட்ட மகரத்தை அடுத்துத் தனி ளகரம் சேர்த்து ‘மெளனம்’ என்று தட்டிப் பாருங்கள். வேறு பட்டியல் வந்தால் வியப்பதற்கில்லை. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் தட்டப்பட்ட இடங்களில் ஔவையாருக்கும் இதே கதிதான். ‘ஸ்ரீ’ இன்னும் மோசம்: அதை ஸகரத்தில் தொடங்கியும் தட்டலாம், கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் பின்னர் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒரே வடிவம் என்பதால் உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது.

புத்தகம் அலமாரியில் இருக்கும். வாசகர் ‘இல்லை’ என்று திரும்பிப் போவார். பதிவு செய்த பணியாளர் மேல் தவறில்லை. இப்படி ஒரு சிக்கல் இருப்பதாக அவரிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் போய் வந்த ஒரு நாள் பயிலரங்கில் குத்துவிளக்கு, வாழ்த்துரை, நூலக மென்பொருளின் சிறப்புகள், மதிய உணவு, சான்றிதழ் எல்லாம் இருந்திருக்கும். விசைப்பலகையில் கைவைக்க நேரம் இருந்திருக்காது.

நாங்கள் கேட்பது இதுதான்: ஒரு நாள் கூட்டங்களைக் குறைத்துவிட்டு, மாவட்டந்தோறும் ஐந்து நாள் கைப்பழக்கப் பயிற்சி நடத்துங்கள். ஆறு வாரம் கழித்து அதே ஆட்களை இரண்டு நாள் மறுபடி அழையுங்கள்.

வகுப்புக்கு 20 பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கொரு கணினி கட்டாயம். மூன்று பேருக்கு ஒரு கணினி என்றால் சுட்டி ஒருவர் கையிலேயே இருக்கும், மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள். பத்துப் பேருக்கு ஒரு பயிற்றுநர். பயிற்சிக்கென்று கோஹா என்ற நூலக மென்பொருளைத் தனியாக ஒரு மடிக்கணினியில் நிறுவி, அறைக்குள்ளேயே வலைப்பின்னல் போட்டுவிடுங்கள். இணையம் அறுந்தாலும் வகுப்பு நிற்காது. அதைவிட முக்கியம், உண்மையான பட்டியலில் பழகச் சொன்னால் ‘எதையாவது அழித்துவிடுவோமோ’ என்ற பயத்தில் யாரும் எதையும் தொடமாட்டார்கள். பயிற்சிப் பட்டியலில் தாராளமாக அழிக்கலாம். அழித்துப் பார்த்தவருக்குத்தான் மீட்கவும் தெரியும்.

ஒவ்வொருவரும் தம் நூலகத்திலிருந்து 25 புத்தகங்களைக் கொண்டுவர வேண்டும். அதில் பாதியாவது தொல்லை தருபவையாக இருக்கட்டும்: தலைப்புப் பக்கம் கிழிந்தது, பதிப்பாண்டே இல்லாதது, பல தொகுதிகளில் மூன்றாவது மட்டும் இருப்பது, தொகுப்பாசிரியர் யார் மொழிபெயர்ப்பாளர் யார் என்று குழப்புவது. பயிற்றுநர் திரையில் காட்டும் மாதிரிப் புத்தகத்தில் எல்லா விவரமும் ஒழுங்காக இருக்கும். அலமாரியில் இருப்பவை அப்படி இல்லை.

ஆசிரியர் பெயருக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் பதியும் மார்க் 21 முறையில் 100 என்ற புலம் முதன்மை ஆசிரியருக்கு, 245 தலைப்புக்கு, 700 மொழிபெயர்ப்பாளர் போன்ற மற்றவர்களுக்கு. எண்களை மனப்பாடம் செய்வது அரை மணி நேர வேலை. தமிழ்ப் பெயரின் முன்னெழுத்துதான் உண்மையான சிக்கல். ஒரே ஆசிரியர் ‘மு.வ.’, ‘மு. வரதராசன்’, ‘மு.வரதராசனார்’, ‘வரதராசன், மு.’ என்று நான்கு பேராகப் பிரிந்து கிடப்பார். முன்னெழுத்துக்குப் பின் இடைவெளி விட்டதும் விடாததும்கூட அகரவரிசையில் பெயரை இடம்மாற்றிவிடும். புனைபெயர் வந்தால் இன்னொரு சுற்று: புதுமைப்பித்தன் என்று தேடுபவருக்கும் சொ. விருத்தாசலம் என்று தேடுபவருக்கும் அதே புத்தகங்கள் கிடைக்க வேண்டும். இதற்கு ஆசிரியர் பெயருக்கென்று தனி ஆவணம் ஒன்றை உருவாக்கி, ஏற்ற வடிவத்தை அதன் 100இலும் மற்ற வடிவங்களை 400இலும் ‘காண்க’ குறிப்பாகக் கொடுக்க வேண்டும். கிளை நூலகர் ஒவ்வொருவரும் இதைத் தனித்தனியே செய்வது வீண் உழைப்பு. மாவட்ட மைய நூலகம் ஒரே பட்டியலாகப் பராமரித்து எல்லாருக்கும் தர வேண்டும். கிளையில் இருப்பவருக்கு அதைப் பயன்படுத்தவும், புதுப்பெயர் வந்தால் தெரிவிக்கவும் கற்றுக்கொடுத்தால் போதும்.

எக்செல் தாள்களால் வரும் சேதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பழைய பட்டியல்கள் அந்த வழியாகத்தான் மென்பொருளுக்குள் வருகின்றன. நூலகம் ஒவ்வொரு நூலுக்கும் தரும் சேர்க்கை எண்ணை 004571 என்று தட்டினால் எக்செல் முன்னிருக்கும் சுழிகளை விழுங்கி 4571 ஆக்கிவிடும். புத்தகத்தில் ஒட்டிய பட்டைக்குறியில் 004571 இருக்கும். வருடி படித்ததும் ‘இப்படி ஒரு நூல் இல்லை’ என்று மென்பொருள் சொல்லும். நூலின் 13 இலக்கப் பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.பி.என். 9.78938E+12 என்று சுருங்கும். அந்த நிலையில் சி.எஸ்.வி. என்ற எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். 97893 என்று தொடங்கும் இந்திய நூல்கள் பலவும் ஒரே எண்ணோடு நிற்கும். சாதாரண சி.எஸ்.வி. வடிவத்தில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

தீர்வு கடினமில்லை. தட்டத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பத்திகளைத் தேர்ந்தெடுத்து ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்ற வேண்டும். சேமிக்கும்போது ‘சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8’ என்பதைத் தேர வேண்டும். சேமித்த கோப்பைச் சரிபார்க்க இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறக்கக் கூடாது. திறந்து மறுபடி சேமித்தால் சுழிகள் மீண்டும் காணாமல் போகும். நோட்பேடில் திறந்து பார்த்தால் போதும். இதைச் சொல்லிக்காட்ட பத்து நிமிடம், கைப்பழக்கமாக்க ஒரு பிற்பகல். தெரியாமல் போனால் மாதக்கணக்கில் தட்டிய பட்டியலை மறுபடி தட்ட நேரும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளும் இன்னும் இருக்கின்றன. 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கும் டேஸ்-16 என்ற தமிழ்க் குறியீட்டு முறைக்கும் மாற ஆணையிட்டது. பழைய கோப்பு பார்வையுள்ளவருக்குத் தமிழாகத் தெரியலாம். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானோடு வரும் பார்வையற்ற வாசகருக்கு அது பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கேட்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்த பிறகு, முதலில் சொன்ன ‘மெளனம்’ வகைப் பிழைகளைத் தேடி மாற்றுவதையும் பயிற்சியில் சேருங்கள்.

நீரில் நனைந்த புத்தகம் பற்றிய பயிற்சியைத் தனியாகக் கேட்கிறோம். 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் பட்டது எல்லாருக்கும் தெரியும். நம் ஊர் வெப்பத்தில், நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் என்ன செய்கிறோம் என்பதில்தான் புத்தகம் பிழைக்கிறது.

முதலில் காப்பாற்ற வேண்டியது நூல் சேர்க்கைப் பதிவேடு. அது போனால் எவை போயின என்றே தெரியாது. பேனா மையில் எழுதியதாக இருந்தால் அதை நீரில் அலசக் கூடாது, மை கரைந்துவிடும். சேறு படிந்த அச்சுப் புத்தகத்தை மூடியபடியே இறுக்கிப் பிடித்து நல்ல நீரில் அலசலாம். திறந்தால் சேறு உள்ளே போகும். ஈரமானவற்றையும் ஊறிப்போனவற்றையும் பிரித்து வையுங்கள். பளபளப்புத் தாளில் அச்சான குழந்தை நூல்களுக்கு முதலிடம், ஏனென்றால் அந்தத் தாளின் பூச்சு உலரும்போது பக்கங்கள் கல்போல ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது. ஈரம் குறைந்தவற்றைச் செங்குத்தாக நிறுத்தி, விரித்து, மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். இடையிடையே உறிஞ்சு தாள் வைத்து, நனைந்ததும் மாற்ற வேண்டும். அளவுக்கு மேல் தாள் திணித்தால் முதுகுக் கட்டு விட்டுப்போகும். வெயிலில் காயவைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். தாள் முறுகி வளைந்துவிடும், வேண்டாம்.

ஊறிப்போனவை நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒரே வழி உறைய வைப்பது. அதற்கு மைனஸ் 18 டிகிரி குளிர் வேண்டும். காய்கறி, பழக் குளிர்க்கிடங்குகள் உதவாது, அவை உறையவைப்பதில்லை. கடலோர மாவட்டங்களில் மீன் ஏற்றுமதிக்கான உறைகிடங்குகள் உள்ளன. மழை வருவதற்கு முன்பே அப்படி ஒரு கிடங்கோடு பேசி வைத்திருப்பது மாவட்ட நூலக அலுவலரின் வேலை. இந்தப் பயிற்சிக்குப் பெரிய செலவில்லை: கழித்துக் கட்டிய 40 புத்தகங்கள், நான்கு வாளி நீர், இரண்டு மின்விசிறிகள், ஒரு கட்டு உறிஞ்சு தாள். முதல் நாள் நனைத்து, ஐந்தாம் நாள் விளைவைப் பார்க்கலாம். (கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் என்ன ஆகும் என்பதை அதே புத்தகங்களிலேயே காட்டிவிடலாம். மஞ்சளாகி, தாளையும் கறையாக்கிப் பிசுபிசுத்திருக்கும்.)

போட்டித் தேர்வு மாணவர்களுக்கு வழிகாட்டுவது, இருப்புச் சரிபார்ப்பு, சிறுவர்களுக்குக் கதை வாசிப்பது ஆகியவை ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போதும்.

பாடத்தைவிட ஏற்பாட்டில்தான் பல பயிற்சிகள் தோற்கின்றன. ஊர்ப்புற நூலகத்தில் இருப்பவர் ஒரே ஒருவர். அவர் பயிற்சிக்குப் போனால் கதவில் பூட்டு. வாசகர் கோபம் அவர் மேல். ஓய்வுபெற்ற நூலகர்களின் பட்டியல் ஒன்றை மாவட்ட அளவில் வைத்து, நாள் ஊதியத்தில் மாற்றாளாக அனுப்புங்கள். தேதியை ஒரு மாதம் முன்பே அறிவியுங்கள். வார விடுமுறையைப் பறித்துப் பயிற்சி வைக்காதீர்கள். பயணப்படியை முன்பணமாகக் கொடுங்கள். குறைந்த ஊதியத்தில் இருப்பவரைக் கைக்காசு போட்டு வரச் சொல்வது நியாயமில்லை. காலை பத்து முதல் நான்கு வரை வைத்தால், தொலைவிலிருந்து வரும் பெண் பணியாளர்கள் பேருந்தைப் பிடித்து வீடு சேரலாம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் கோஹா பாடங்கள் இலவசமாக உள்ளன. அவற்றை முன்பே பார்த்துவரச் சொன்னால் முதல் நாள் மிச்சமாகும்.

ஆறு வாரம் கழித்து நடக்கும் இரண்டு நாளை விட்டுவிடாதீர்கள். பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான். ஒவ்வொருவரும் இடைக்காலத்தில் செய்த பதிவுகளில் பத்தை எடுத்து ஆசிரியர் பெயர், தலைப்பு, சேர்க்கை எண் மூன்றை மட்டும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பத்தில் இரண்டுக்கு மேல் பிழை இருந்தால், எந்தப் பாடம் போய்ச் சேரவில்லை என்பது தெரிந்துவிடும். வருகைப் பதிவேடு அதைச் சொல்லாது.

நிதிக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகிறது. அதில் பயிற்சிக்கென்று ஒரு செலவுத் தலைப்பைத் தனியே ஒதுக்கி, வேறு செலவுக்கு மாற்றக் கூடாது என்று வரையறுங்கள். சென்னை நூலகச் சங்கம் 1929லேயே நூலகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஊர் இது; சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் முன்னோடி எஸ்.ஆர். இரங்கநாதன் அதன் பின்னால் இருந்தார். சி.எல்.ஐ.எஸ். என்ற நூலக அறிவியல் சான்றிதழ்ப் படிப்பை முடித்து மூன்றாம் நிலை நூலகராகச் சேரும் ஒருவர், அதன் பிறகு ஓய்வுபெறும்வரை கைப்பழக்கப் பயிற்சி எதையும் காணாமல் போக இங்கே இடம் இருக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு கடலோர மாவட்டத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கும்படி வேண்டுகிறோம். மாவட்டம் எது என்று முடிவானால், ‘மௌனம்’, ‘ஸ்ரீ’ உள்ளிட்ட 40 சொற்கள் கொண்ட தேடல் சோதனைத் தாளையும் ஐந்து நாள் கால அட்டவணையையும் நாங்கள் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
நூலகப் பணியாளர் பயிற்சியில் ஈடுபட்டிருப்போர்