விளக்கேற்றப் பிள்ளை வேண்டுமா? எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவி அக்காவுக்கும், செயலாளர், பொருளாளர், நிர்வாக உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

மார்ச் 8 மகளிர் தின நிகழ்வைப் பற்றியே எழுதுகிறேன். அன்று பொதுநோக்கு மண்டபத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அழைப்பிதழில் மங்கல விளக்கேற்றுவோர் என்று ஐந்து பெயர்கள் அச்சாகியிருந்தன. ஒலிவாங்கியில் வாசிக்கப்பட்டவற்றில் ஒரு பெயர் மாறியிருந்தது. காரணத்தை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை, ஆனால் மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தே இருந்தது. நீக்கப்பட்ட பெயர் என்னுடையது. காரணம், எனக்குப் பிள்ளை இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். சங்கத்தின் எந்த நிகழ்விலும் விளக்கேற்றவோ, ஆராத்தி எடுக்கவோ, நிறைகுடம் வைக்கவோ, மேடையில் அமரவோ ஒரு பெண்ணை அழைக்கும்போது அவளுக்குப் பிள்ளை இருக்கிறதா, கணவர் இருக்கிறாரா என்று பார்க்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டதாகப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுங்கள். அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

அதே நாள் மாலையில் சனசமூக நிலையத்து இளைஞர்கள் திரை கட்டி ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படம் போட்டார்கள். ஆங்கிலம் விளங்காதவர்களுக்காக ஒரு தம்பி ஒலிவாங்கியைப் பிடித்துக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். அருமையாகச் சொன்னான். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி. அவள் எதிர்பார்த்திருந்த கல்யாணம் கைகூடவில்லை. உயிர்த்தோழியோ கர்ப்பமாகிவிட்டாள். அந்த ஆற்றாமையில் ஒருநாள் கடையில் இருந்த பொய் வயிறு ஒன்றைக் கட்டிப் பார்க்கிறாள். பார்த்தவர்கள் எல்லோரும் அவளிடம் கனிவாகப் பேசுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கான யோகா வகுப்பில் ஒரு புதிய தோழி கிடைக்கிறாள். பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்ற மற்றொன்று என்று போய்க் கடைசியில் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. மண்டபமே வயிறு குலுங்கச் சிரித்தது. நானும் மனம்விட்டுத்தான் சிரித்தேன்.

ஆனால் அந்தப் பெண் எதற்காக அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு திரிந்தாள் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. வயிறு இருந்தால்தான் அவளை உள்ளே அழைக்கிறார்கள். வயிறு இல்லாதபோது தோழியோடு பேசக்கூட அவளுக்குப் பேச்சில்லை. அவள் சொன்ன பொய் தவறுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அவளை அந்தப் பொய்க்குத் தள்ளியது எது என்பதைத்தான் அன்று காலை நீங்கள் மேடையில் நடத்திக் காட்டினீர்கள். காலையில் ஒருத்தியை ஒதுக்கிவிட்டு மாலையில் ஒதுக்கப்பட்ட இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தோம்.

அந்தப் படத்துப் பெண்ணுக்காவது வேறு தெரு, வேறு கூட்டம், வேறு ஊர் இருக்கிறது. எங்களுக்கு இருப்பது ஒரே ஊர், ஒரே மண்டபம். நல்லது கெட்டது எல்லாம் அதற்குள்ளேதான். எங்கள் நல்ல காரியங்களில் பாதி பிள்ளைகளைச் சுற்றியே வருகின்றன. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு, பெயர் வைத்தல், பல்லுக்கொழுக்கட்டை, ஏடு தொடக்கல், சாமத்தியச் சடங்கு. இவை ஒன்றுக்கும் என்னை அழைக்காமல் விட்டதில்லை, அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் எந்த இடம் வரை அழைக்கிறீர்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

என் தம்பியின் மகளுக்குப் பல்லு முளைத்தபோது கொழுக்கட்டைக்கு மா வறுத்தது நான். பயறு அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து உள்ளீடு பிசைந்தது நான். ஓரத்தை நெரித்து, தேங்காய்ச் சொட்டைச் சின்னச் சின்னப் பல்லாக வெட்டி ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தது நான். விடியற்காலையில் தொடங்கிய வேலை. பிள்ளையைப் பாயில் இருத்தி, முன்னால் ஏடும் பேனையும் நகையும் பரப்பி, கொழுக்கட்டை சொரிவதற்காகத் தலைக்கு மேல் வெள்ளைத் துணியைப் பிடித்தார்கள். நான் பிள்ளைக்கு மாமி. மாமி நிற்க வேண்டிய இடம் எதுவென்று நம் ஊரில் எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து, அடுப்பில் பால் பொங்கப் போகிறது, போய்ப் பார் என்றார்கள். போனேன். அடுப்பில் பாலே இல்லை. திரும்பி வந்தபோது துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பேனையைத் தூக்கியதாம், எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் தம்பி மனைவி நல்லவள். அவளுக்கு இதில் பங்கு இருந்ததென்று நான் நினைக்கவில்லை. மூத்தவர்கள் சிலர் தங்களுக்குள் தீர்மானித்துக்கொண்டது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை, ஒரு கடுஞ்சொல் கூட இல்லை. இல்லாத பாலைப் பார்க்க அனுப்பினார்கள், அவ்வளவுதான். இப்படி அனுப்பப்பட்ட பெண்கள் இந்தச் சங்கத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதமாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

குடும்பங்களுக்குள் நடப்பதை ஒரு மடலால் மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சங்கம் ஒரு குடும்பம் இல்லை. பிரதேச செயலகத்தில் பதியப்பட்ட, யாப்பு என்ற விதிக்கோவை உள்ள, கணக்கறிக்கை வாசிக்கிற பொது அமைப்பு. அந்த யாப்பில் அங்கத்தவர் என்றால் அங்கத்தவர்தான். மாதச் சந்தா வாங்கும்போது பிள்ளை உண்டா என்று எவரும் கேட்பதில்லை. சிரமதானத்துக்கு மண்வெட்டி கொடுக்கும்போது கேட்பதில்லை. சுழற்சிக் கடனுக்குப் பிணைக் கையொப்பம் வாங்கும்போதும் கேட்பதில்லை. விளக்குக்கு முன்னால் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று "அதிக பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்குக் கௌரவம்" என்று ஓர் அறிவிப்பு வந்தது. நான்கு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர்கள் எழுந்து முன்னால் வாருங்கள் என்றார்கள். எனக்கு முன் வரிசையில் ஒரு முதிய அம்மா எழுந்தார். ஓர் அடி வைத்தார். பிறகு பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்துவிட்டார். ஐந்து பெற்றவர் அவர். 2009 போருக்குப் பிறகு அவற்றில் ஒன்றும் இல்லை. எழுவதா இருப்பதா என்று அந்த அம்மாவை ஊர் பார்த்திருக்க யோசிக்க வைத்தது எங்கள் மகளிர் தினம். இந்த அறிவிப்பை எழுதிக் கொடுத்தவர் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும், வன்னியில் எத்தனை பிள்ளைகள் என்பது ஒலிவாங்கியில் கேட்கக்கூடிய கேள்வியா?

இது வன்னி. போர் நெருக்கிய 2008இலும் 2009இலும் பதினாறு பதினேழு வயதுப் பெண்பிள்ளைகளை அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தோம். அந்த அவசரத்துக்கு அகப்படாமல் நின்றவர்களில் பலருக்குக் கல்யாணமே நடக்கவில்லை. முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடிந்து வந்த பெண்களை மருமகளாக்க எத்தனை வீடுகள் தயங்கின என்பதும் தெரியும். உடலில் குண்டுச் சிதறலோடு வாழ்கிறவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றிலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்களே, அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் பொட்டு வைப்பதா வேண்டாமா என்றே ஆண்டுக்கணக்கில் தவிக்கிறவர்கள். கணவரும் பிள்ளையும் குறைவின்றி இருக்கிற பெண்தான் மங்கலம் என்று அளந்தால் எங்கள் மண்டபத்தில் எத்தனை கதிரைகள் வெறுமையாகும் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். இடம்பெயர்ந்து மனிக் பாம் முகாமில் ஒரே குழாயடியில் வரிசையில் நின்றபோது ஒருவரையொருவர் இப்படி அளக்கவில்லையே.

பிள்ளை இல்லாமைக்கு ஆணின் உடலும் காரணமாகலாம். உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருகட்டத்தில் இந்தச் சிக்கல் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிக்கை வெளியிட்டது. என் கணவர் கமக்காரர் அமைப்பில் பொறுப்பில் இருக்கிறார். குளத்துப் பொங்கலில் தேங்காய் உடைக்கிறார், காலபோக விதைப்புக்கு முன் நடக்கும் கூட்டத்தில் மேடையில் இருக்கிறார். அவரிடம் இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒரே வீடு, ஒரே குறை. ஆண்கள் நடத்தும் அமைப்பில் அவருக்கு இருக்கிற மரியாதை, பெண்கள் நடத்தும் சங்கத்தில் எனக்கு இல்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, கோபத்தால்தான்.

கர்ப்பிணிகளைப் பார்க்க வரும் குடும்பநல உத்தியோகத்தர் எங்கள் படலைக்குள் நுழைந்தால் அயலில் நாலு வேலிகளுக்கு மேலால் தலைகள் தெரியும். கந்தசஷ்டி வந்தால் விரதம் பிடிக்கச் சொல்வார்கள், பிடித்தால் எத்தனையாவது விரதம் என்பார்கள். கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போனால் செலவைக் கணக்குப் பார்ப்பார்கள், போகாவிட்டால் அக்கறை இல்லை என்பார்கள். வைகாசியில் சாப்பிட மனமில்லாமல் இருந்தால் விசேஷமா என்பார்கள். இந்தக் கேள்விகள் எல்லாம் அன்பில் வருகின்றன என்று எனக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். அன்புள்ளவர்கள் பதிலுக்குக் காத்திருப்பார்கள். கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போகமாட்டார்கள். உண்மையில் உதவ நினைத்தால் சங்கம் செய்யக்கூடியது உண்டு. பெண்களுக்கான விசேட சிகிச்சை நிலையம் ஒன்று நெதர்லாந்து உதவியோடு 2024இல் கிளிநொச்சியில் திறக்கப்பட்டது. அந்தத் துறை வைத்தியர் ஒருவரை அழைத்து ஆண்களையும் இருத்திப் பேச வையுங்கள். அதைச் செய்தால் முதல் வரிசையில் நான் இருப்பேன்.

பேச்சு எங்கோ போய்விட்டது. விளக்குக்கு வருகிறேன்.

எங்கள் முன்னோர் வகுத்த முறை, சாமி காரியம், மாற்றக்கூடாது என்று மூத்தவர்கள் சொல்வதாக அறிகிறேன். சாமியை வைத்தே கேட்கிறேன். ஒவ்வொரு வைகாசியும் சங்கமே பஸ் பிடித்து வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறோம். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்துக் கொண்டுவரும்போது தெருவெல்லாம் விழுந்து கும்பிடுகிறோம். அந்த விளக்கு யாருக்கு எரிகிறது? கண்ணகிக்கு. கண்ணகி பிள்ளை பெற்றவளா? கோவலனின் மகள் மணிமேகலை மாதவி வயிற்றில் பிறந்தவள். கணவனையும் இழந்து, பிள்ளையும் இல்லாமல் வந்தவளைத்தான் வன்னி முழுவதும் தாயே என்று கும்பிடுகிறது. அவள் இன்று எங்கள் மண்டபத்துக்கு வந்தால் நீங்கள் வைத்திருக்கிற முறைப்படி அவளையும் அடுப்படிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை. அந்தக் கோயிலில் அழுது கும்பிட்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் நினைப்பதைத்தான் சொல்கிறேன்.

படம் காட்டிய இளைஞர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம். மகளிர் தினத்தில் இப்படி ஒரு படமா என்று சிலர் முகம் சுளித்ததாகக் கேள்விப்பட்டேன். நல்ல படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த முறையும் காட்டட்டும். முடிந்தவுடன் பாய்களைச் சுருட்டிவிடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். பேசத் தொடங்கினால் யார் யார் எதைக் கட்டிக்கொண்டு திரிகிறோம் என்பது வெளியே வரும். பிள்ளை பெற்றவர்களுக்கும் அங்கே சொல்ல நிறைய இருக்கும். ஒரு பிள்ளையோடு நிறுத்தியவளை ஏன் என்று துளைக்கிறீர்கள், மூன்றும் பெண்ணாகப் பெற்றவளை இரக்கத்தோடு பார்க்கிறீர்கள். அவர்களும் என் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

தலைவி அக்கா, உங்களோடு எனக்குப் பகை இல்லை. மீள்குடியேறிய புதிதில் தகரக் கொட்டிலில் இந்தச் சங்கத்தைத் தொடங்கியபோது முதல் பதிவேட்டுக்குக் கோடு போட்டவர்களில் நானும் ஒருத்தி என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். மன்னிப்பு வேண்டாம், அடுத்த ஆண்டு என் பெயரை முதலாவதாகப் போடவும் வேண்டாம். பிள்ளையையும் கணவரையும் பார்த்துப் பெண்ணை அழைக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். எங்கள் எல்லோருக்குமாக நிறுத்துங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். வழிமொழிவதற்கு அங்கத்தவர்கள் இருவர் சம்மதித்திருக்கிறார்கள், இருவரும் பிள்ளைகள் உள்ளவர்கள். மூத்தவர்களில் யாருக்காவது மனம் கோணுமென்றால் கூட்டத்துக்கு முன்பே அவர்கள் வீட்டுக்கு வந்து பேசவும் ஆயத்தமாக இருக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, கூட்ட அறிவித்தலோடு எல்லா அங்கத்தவர்களுக்கும் தெரியப்படுத்துமாறு செயலாளரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சங்கத்தின் அங்கத்தவர்,
முல்லைத்தீவு மாவட்டம்