என்ன போர்டுக்குன்னு முதல்ல கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் செந்தூல்ல இருக்கேன், லிஃப்ட் மெயிண்டனன்ஸ் வேலை. என் மூத்த மக எஸ்பிஎம் பரீட்சை முடிச்சிட்டு இப்ப போலிடெக்னிக் போறா, வீடியோ எடிட்டிங் அனிமேஷன் இதுலதான் அவளுக்கு உசுரு. லேப்டாப் வாங்குற காசுக்கு நாமளே சாமான் வாங்கி மாட்டுற டெஸ்க்டாப் நல்லா ஓடும்பா, பின்னாடி ஒண்ணொண்ணா மாத்திக்கவும் முடியும்னு சொன்னா, எனக்கும் சரின்னு பட்டுச்சு. ஒரு வருசமா சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில நின்னு அவ சேர்த்தது பாதி, நான் போட்டது பாதி, மொத்தம் மூவாயிரத்து இருநூறு வெள்ளி (ரிங்கிட்). அந்தக் காசுல வாங்குன சாமான் எல்லாம் எங்க வீட்டு சாப்பாட்டு மேசையில நாலு நாள் செத்த பாம்பாட்டம் கிடந்துச்சு, அதப் பத்தி எழுதணும்னுதான் உட்கார்ந்தேன்.

கடை பேரு வேண்டாம், கோலாலம்பூர்லதான். என் மக நோட்டுல லிஸ்ட் எழுதிக் கொண்டு போனா: ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5 5600 பிராசசர் (கம்ப்யூட்டரோட மூளை), ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு 12 ஜிபி (ஸ்கிரீன்ல படம் காட்டுறது), ரேம் 16 ஜிபி (தற்காலிக நினைவகம்), மதர்போர்டு பி450 (எல்லாத்தையும் மாட்டுற பலகை), அது அன்னைக்கு ஆஃபர்ல கிடந்துச்சு. ரேம்ல என்ன டைப்னு அவ எழுதல, கடைத் தம்பியும் கேக்கல, "இதுதான் புதுசு போஸ், ஸ்பீடு"ன்னு சொல்லி டிடிஆர்5 எடுத்து வச்சுட்டாரு. பி450 போர்டுல டிடிஆர்4 ரேம்தான் போகும். போர்டும் ரேமும் ஒரே பில்லு, ஒரே பை. பில்லு அடிச்சவரு ஒரு தடவை மேலேர்ந்து கீழ படிச்சிருந்தாக்கூட தெரிஞ்சிருக்கும்.

வீட்டுக்கு வந்து ராத்திரி ஒம்பது மணிக்கு போர்டு மேல ரேம வச்சு அழுத்துறா, போகல, திருப்பி வச்சு அழுத்துறா, அப்பவும் போகல, கட்டைவிரல் செவந்து போச்சு. நான் கையப் பிடிச்சு நிறுத்துனேன். லிஃப்ட் பேனல்ல இத்தனை வருசமா நான் பார்த்தது, ஒரு கனெக்டர் லேசா போகலன்னா அது அங்க போற சாமானே இல்ல. விளக்கு வெளிச்சத்துல ரேம வச்சுப் பார்த்தோம். அடியில தங்கக் கலர்ல வரிசையா காண்டாக்ட், நடுவுல ஒரு சின்ன வெட்டு, ஸ்லாட்டுலயும் அதே மாதிரி ஒரு சின்ன தடுப்பு, ஆனா வெட்டும் தடுப்பும் நேருக்கு நேரா வரல, கொஞ்சம் தள்ளி நிக்குது. டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்கும் 288 பின்தான், நீளமும் ஒண்ணேதான், பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா பழசு 1.2 வோல்ட்டு, புதுசு 1.1 வோல்ட்டு, புதுசுல கரண்ட சரி பண்ற சிப்பே ரேம் மேலயே உட்கார்ந்திருக்கு. மாத்தி மாட்டிடக் கூடாதுன்னுதான் அந்த வெட்டையே நகர்த்தி வச்சிருக்காங்க. பலம் போட்டு அழுத்தியிருந்தா ஸ்லாட்டு போயிருக்கும்.

மறுநாள் மோட்டார் சைக்கிள்ல திரும்பப் போனா, பெட்டி பிரிச்சாச்சு மாத்த முடியாதுன்னு பேச்சு. அரை மணி நேரம் நின்னு கேட்டப்புறம் அறுபது வெள்ளி பிடிச்சுக்கிட்டு டிடிஆர்4 குடுத்தாங்க. யாரு தப்புக்கு யாரு காசு கட்டுறதுன்னு எனக்கு இன்னும் புரியல.

சரி, எல்லாம் மாட்டியாச்சு, ரேம் ரெண்டையும் போர்டு புக்குல சொன்ன மாதிரி ரெண்டாவது நாலாவது ஸ்லாட்டுல போட்டாச்சு, சுவிட்ச் போட்டா ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பு. போர்டு ஓரத்துல பொடி எழுத்துல சிபியூன்னு (பிராசசர்தான்) போட்ட இடத்துக்குப் பக்கத்துல ஒரு செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே நிக்குது. ரெண்டு ராத்திரி கழட்டி மாட்டினோம். பிராசசர் செத்துடுச்சுன்னு என் மக அழுதே போயிட்டா, ஏன்னா அவ கையால சேர்த்த காசு.

பிராசசர் நல்லாத்தான் இருந்துச்சு. இதை நான் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இங்கதான் தெரிஞ்சவங்களே சறுக்குறாங்க. பிராசசர் உட்காருற இடத்துக்குப் பேரு சாக்கெட்டு. ஏஎம்4 சாக்கெட்டுன்னு ஒண்ணு, 1331 ஓட்டை, 2017ல முதல் ரைசன் வந்ததுலேர்ந்து 5000 சீரீஸ் வரைக்கும் சாதாரண டெஸ்க்டாப் பிராசசர் எல்லாம் அதே சாக்கெட்டுல உட்காரும். பி450 போர்டு வந்தது 2018ல, ரைசன் 5000 வந்தது 2020 நவம்பர்ல, எங்க 5600 வந்தது 2022ல. அப்ப போர்டுக்குள்ள இருக்கிற பயோஸ், அதாவது சுவிட்ச் போட்டதும் முதல்ல ஓடி சாமான அடையாளம் பார்க்கிற புரோகிராம், 2019ல எழுதினதுன்னா, மூணு வருசம் கழிச்சு வரப்போற பிராசசர் யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? கால் எல்லாம் ஓட்டையில அழகா இறங்கிடும், கொக்கியும் போட்டுடலாம், ஆனா போர்டு அத அடையாளம் கண்டுக்காது. கடையில ரொம்ப நாளா கிடந்த ஸ்டாக் போர்டுல இந்தப் பிரச்சினை வரும். புது பயோஸ் ஏத்தி வந்த பெட்டியில ரைசன் 5000 ரெடின்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, எங்க பெட்டியில அது இல்ல, இருக்கணும்னு எங்களுக்கும் தெரியாது.

இன்டெல்லயும் கதை அதேதான். எல்ஜிஏ1700 சாக்கெட்டுல 12, 13, 14 மூணு தலைமுறையும் உட்காரும், ஆனா ஆரம்பத்துல வந்த போர்டுக்கு 14ஆம் தலைமுறை போடணும்னா பயோஸ் ஏத்தணும். 2017ல 8ஆம் தலைமுறை வந்தப்போ அதுக்கும் முந்தினதுக்கும் சாக்கெட்டு பேரு ஒண்ணு, 1151, ஆனா பழைய போர்டுல ஓடாது. 2024ல வந்த கோர் அல்ட்ரா 200 சீரீஸுக்கு எல்ஜிஏ1851, அதுக்கு போர்டே வேற. அதனால சாக்கெட்டு பேரு ஒண்ணா இருக்கான்னு பார்த்ததோட நிறுத்தக் கூடாது, போர்டு கம்பெனி வெப்சைட்ல அந்த மாடலுக்கு சிபியூ சப்போர்ட் லிஸ்ட் இருக்கும், நம்ம பிராசசர் எந்த பயோஸ் நம்பர்லேர்ந்து ஓடும்னு அதுல எழுதியிருக்கும், அத வாங்குறதுக்கு முன்னாடியே பாருங்க. சில போர்டுல பின்னால ஒரு பட்டன் இருக்கும், பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் வச்சு பயோஸ் ஏத்திடலாம், ரெண்டு போர்டு ஒரே விலைன்னா பட்டன் இருக்கிறதையே எடுங்க.

எங்களுக்கு வழி காட்டுனது வேற ஒரு சின்னக் கடை. அஞ்சாவது நாள் ஞாயித்துக்கிழமை பெட்டியத் தூக்கிக்கிட்டு புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவுக்குப் போனோம், அங்க மாடி மாடியா கம்ப்யூட்டர் கடைதான், ஒரு சீனத் தவுக்கே (கடை முதலாளி) போர்டப் பார்த்த உடனே "பயோஸ் பழசு அங்கிள்"னாரு. அந்த பயோஸுக்குத் தெரிஞ்ச பழைய ரைசன் ஒண்ணு அவருகிட்ட இருந்துச்சு, அத மாட்டி, பென்டிரைவ் சொருகி, புது பயோஸ் ஏத்த இருபது நிமிசம். எங்க பிராசசரத் திருப்பி மாட்டி சுவிட்ச் போட்டா ஸ்கிரீன் வந்துடுச்சு. முப்பது வெள்ளிதான் வாங்குனாரு. என் மக அவருக்கு மூணு தடவை தேங்க்ஸ் சொன்னா.

மத்ததெல்லாம் சுருக்கமா. இன்டெல் பிராசசர் பேரு கடைசியில எஃப்னு முடிஞ்சா உள்ள கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாம படம் வராது, எங்க ரைசன் 5600லயும் அப்படித்தான், 5600ஜின்னா உள்ளயே கிராஃபிக்ஸ் இருக்கு. கார்டு போட்டப்புறம் ஸ்கிரீன் வயர கார்டுலதான் சொருகணும், போர்டுல சொருகிட்டு படம் வரலன்னு தேடாதீங்க. மூணு ஃபேன் வச்ச கிராஃபிக்ஸ் கார்டு 30 சென்டிமீட்டருக்கு மேலயும் போகும், கேஸ் (எல்லாம் உள்ள வைக்கிற பெட்டி) எவ்வளவு நீளக் கார்டு தாங்கும், பிராசசர் மேல உட்காருற கூலர் எவ்வளவு உசரம் தாங்கும்னு கேஸ் ஸ்பெக்ல இருக்கும், அளந்துக்குங்க.

பவர் சப்ளை விசயத்துல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, இது கரண்டு வேலை பார்க்கிறவன் சொல்றது. 3060க்கு 170 வாட்டு, அதுக்கு மொத்தத்துல 550 வாட்டாவது வேணும்னு கார்டு கம்பெனியே சொல்லுது. பெட்டியில வாட்டு நம்பர் பெருசா போட்டு உள்ள ஒண்ணும் இல்லாத மலிவுச் சாமான் வேண்டாம். இன்னொண்ணு, கேபிள் கழட்டுற டைப் பவர் சப்ளைன்னா ஒரு மாடல் கேபிள இன்னொரு மாடல்ல மாட்டவே மாட்டாதீங்க, முனை அச்சு அசலா பொருந்தும், ஆனா உள்ள வயர் வரிசை வேற, ஹார்டு டிஸ்க்கு மதர்போர்டு எல்லாம் புகைஞ்சிடும். கோலாலம்பூர்ல சாயங்காலமானா இடி எப்படி விழும்னு தெரியும்ல, திடீர்னு ஏறுற கரண்ட தடுக்கிற சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு போட்டு, எர்த் சரியா இருக்கான்னு வயர்மேன வச்சுப் பாருங்க.

இப்ப நான் கேக்க வந்தது. நம்ம நாட்டுல 1999ஆம் வருசத்து பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. நாம ஒரு சாமான் எதுக்கு வாங்குறோம்னு கடைக்காரர்கிட்ட சொல்லியிருந்தா, அவரு குடுக்கிறது அந்த வேலைக்கு ஏத்ததா இருக்கணும்னு அதுல இருக்கு. பிரச்சினைன்னா திரிபுனால்னு சொல்ற பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல மூணு வருசத்துக்குள்ள அஞ்சு வெள்ளி கட்டி கேஸ் போடலாம், ஐம்பதாயிரம் வெள்ளி வரைக்கும் கேக்கலாம், லாயரும் தேவையில்ல. நான் போடல, அறுபது வெள்ளியோட விட்டுட்டேன். ஆனா அன்னைக்கே "இந்த போர்டுக்கு இந்த பிராசசர், இந்த ரேம்"னு பில்லுல எழுதி வாங்கியிருந்தா கவுண்டர்ல அரை மணி நேரம் நான் கெஞ்சியிருக்க வேண்டாம். பிள்ளைங்களோட கடைக்குப் போற அப்பா அம்மா அந்த ஒரு வரிய எழுத வைங்க. எழுத மாட்டேன்னு சொன்னா அடுத்த கடைக்கு நடங்க.

கடைக்காரங்களும் விலைப் பட்டியல்ல போர்டு பேருக்குப் பக்கத்துல சாக்கெட்டு, ரேம் டைப்பு, எந்த பயோஸ் ஏத்தியிருக்கு இந்த மூணையும் போடுங்க. ஒரு வரிதான் கூடும். ஆசிரியர் ஐயா, உங்க மாணவர் பக்கத்துல ஒரு வாரம் இதத் தமிழ்ல படத்தோட போட முடியுமா? அந்த ரேம் வெட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு படம் போட்டாலே போதும். படம் வேணும்னா என் மக எடுத்து அனுப்புறேன்னு சொல்றா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்