கேம்பர் வேன் கட்டும் பட்டறைகளுக்கு: பலகை அறுக்கும் முன் ஒரு தாள்

கேம்பர் வேன் கட்டித்தரும் பட்டறைக்காரர்களுக்கு,

வணக்கம்.

படுத்து, சமைத்துப் பயணிக்கும் கேம்பர் வேனாக மாற்றித்தரச் சொல்லி, பழைய சரக்கு வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்கும் தம்பதிகளில் பலர், கையிருப்பில் பெரும்பகுதியை அந்த வண்டிக்கே கொடுத்துவிட்டு வந்தவர்கள். மிச்சப் பணத்தில் படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் வேண்டும். அதற்குப் பிறகும் டீசலுக்கும் டயருக்கும் கொஞ்சம் இருக்கவேண்டும். அவர்களிடம் நீங்கள் காட்டுவது பெரிய வண்டிகளின் படங்களை. அதே அமைப்பைச் சுருக்கி, மட்டமான பொருளைப் போட்டு, விலையைக் குறைத்துக் கொடுக்கிறீர்கள். சிக்கனமாகப் போகிறவர்களின் தேவையே வேறு. எது கெட்டாலும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு அரை மணியில் அதை எட்டிப் பார்க்க முடியவேண்டும். பலகைக்குப் பின்னால் மூடி ஒட்டப்பட்ட ஒவ்வொரு பொருளும் பின்னாளில் ஒரு பில்லாகத்தான் வெளியே வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது வேனுக்குள் அன்றாட உண்மை: பம்ப் மலிவு, அதை எட்டுவதற்கு அலமாரியைப் பிரிக்கும் கூலி அதிகம்.

முதலில் எடை. மொத்தம் 2,800 கிலோவுக்கு அனுமதியுள்ள, வெறும் வண்டியாக 1,950 கிலோ இருக்கும் வேன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மிச்சம் 850. இருவர் 140, நிறைந்த டீசல் டேங்க் 65, தண்ணீர் 40, துணிமணி, பாத்திரம், கருவிகள், மளிகை 120 என்று கழித்தால் உங்கள் தச்சருக்கும் மின்பணியாளருக்கும் சேர்த்து 485 கிலோதான். பிர்ச் மரத்தின் 18 மி.மீ. பிளைவுட் ஒரு சதுர மீட்டர் சுமார் 12 கிலோ. பதினான்கு சதுர மீட்டர் போட்டால் 170 கிலோ அங்கேயே போய்விடும். 12 மி.மீ. பாப்லர் பிளைவுட்டில் அதே அலமாரி 80 கிலோவுக்குள் முடியும். திருகு பிடிக்கும் ஓரங்களில் மட்டும் உள்பக்கம் ஒரு மரச்சட்டம் கொடுத்தால் போதும். தண்ணீர் டேங்கையும் பேட்டரியையும் பின் அச்சுக்குப் பின்னால் வைப்பது இன்னொரு வழக்கமான தவறு. நெம்புகோல் போல அது பின் அச்சில் தன் எடையைவிட அதிகமாக அழுத்தி, முன் அச்சைத் தூக்கும். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு வரம்பைத் தாண்டுவது இதனால்தான். எடைமேடையில் வண்டியை முழுதாக ஒருமுறை, அச்சு வாரியாக ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

டயரையும் அப்போதே பார்த்துவிடலாம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கேம்பர் வேன் டயர்கள் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடுகின்றன. காடி ஆழமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

மின்சாரத்தை நீங்கள் இன்வெர்ட்டரிலிருந்து தொடங்குகிறீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து தொடங்குங்கள். 45 வாட் இழுக்கும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 360 வாட்-மணி. 20 வாட் கூரை ஃபேன் எட்டு மணிநேரம் ஓடினால் 160. மடிக்கணினிக்கு 120, இரண்டு போனுக்கு 30, விளக்குக்கு 40, மின்சாரத் தண்ணீர் பம்ப் வைத்தால் அதற்கு 10. கூட்டினால் 720. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 இருக்கிறது. ஆயிரத்தை எடுக்கலாம் என்று வைத்தால் வெயிலே இல்லாமல் ஒன்றேகால் நாளுக்கு மேல் தாங்கும். அதே அளவு ஏ.ஜி.எம். (மூடிய ஈய-அமில வகை) பேட்டரியில் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான், ஒரு நாளுக்குக்கூடப் பற்றாது. இரண்டு ஏ.ஜி.எம். போட்டால் சரியாகும், ஆனால் லித்தியம் ஒன்று 12 கிலோவுக்கு முடிகிற இடத்தில் 60 கிலோ ஆகும். வாங்கும்போது மலிவு, சுமக்கும்போது இல்லை.

கூரையில் தட்டையாகக் கிடக்கும் 200 வாட் பேனல், நாலரை மணிநேர முழு வெயிலுக்கு, 30 சதவீத இழப்பு போக, 630 வாட்-மணி தரும். தினமும் 90 குறைகிறது. உடனே இரண்டாவது பேனலை விற்கப் பார்க்காதீர்கள். என்ஜின் சுழற்றும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்கு ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒரு மணிநேர ஓட்டத்தில் 390 வாட்-மணி ஏற்றும். அந்த 90, கால் மணிநேரப் பயணம். நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் பேனலைக் கூட்டுங்கள். சார்ஜரைத் தவிர்த்து, என்ஜின் பேட்டரியோடு நேராக இணைத்துவிடும் வெறும் ரிலே (தானியங்கிச் சுவிட்ச்) போடுவது சிக்கனமாகத் தோன்றும். புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தானே வோல்டேஜைக் குறைத்துக்கொள்வதால் பேட்டரி நிறையாது. பழைய வண்டிகளில் லித்தியம் தடையில்லாமல் கரண்டை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பேட்டரியை வாங்கி, வசிக்கும் பகுதிக்குள்ளேயே வையுங்கள்.

2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் பேட்டரியிடம் 185 ஆம்பியர் கேட்கும். அதற்கான தடித்த கேபிள், ஃபியூஸ், பெரிய பேட்டரி என்று செலவு சங்கிலியாக வரும். மடிக்கணினியை 12 வோல்ட்டிலிருந்து நேராகவே சார்ஜ் செய்யலாம். கேஸில் சமைக்கும் இருவருக்கு இன்வெர்ட்டரே தேவைப்படாமல் போவது சாதாரணம்.

‘ஃபிரிட்ஜ் சரியில்லை’ என்று திரும்பி வரும் வண்டிகளில் முதலில் வயரின் தடிமனைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக, வர 10 மீட்டர். ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயரில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.57 வோல்ட் போய்விடும். பேட்டரியில் 12.2 இருக்கும்போது ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேர்வது 11.6. பேட்டரி காலி என்று நினைத்து ஃபிரிட்ஜ் தானே அணைந்துகொள்ளும். 6 ஸ்கொயரில் அந்த இழப்பு 0.14தான். ஃபியூஸ் காப்பது வயரை. அதனால் அது பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும், வயரின் தாங்குதிறனுக்கு ஏற்ற அளவில். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயர் குலுக்கலில் ஒடியும். பல இழை வயரை எடுத்து, முனைக்கு லக் (உலோக வளைய முனை) போட்டு, கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்யுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நிற்கும் வண்டிக்கே ஆகாது, ஓடும் வண்டிக்குக் கேட்கவே வேண்டாம்.

தரையில் திருகு இறக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் டேங்க், பிரேக் குழாய், வயர் கட்டு எல்லாம் அங்கேதான். துளையிட்டால் ஓரத்துக்குத் துருத்தடுப்புப் பெயின்ட் அடிக்காமல் மூடவேண்டாம்.

தண்ணீர் சுலபம். குளியல் இல்லாமல் இருவருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு, கால்மிதி பம்ப் ஒன்று, கழிவுநீருக்கு அதே அளவில் ஒரு கேன். 20 கிலோவைத் தூக்கிக் குழாயடிக்குப் போகலாம். 100 லிட்டர் டேங்கைக் கழற்றிக் கழுவ முடியாது, பாசி பிடித்தால் உள்ளே கையும் போகாது. கால்மிதி பம்ப் மின்சாரம் கேட்காது, மிதிப்பதை நிறுத்தினால் தண்ணீரும் நின்றுவிடும். சிறுநீரைத் தனியே பிரிக்கும் கழிப்பறை வைத்தால், இருவருக்கும் நாளுக்குச் சுமார் 3 லிட்டர் என்று கணக்கிடுங்கள். 6 லிட்டர் கேன் இரண்டு நாளுக்குத்தான்.

பெரும்பாலான வேன்களைக் கெடுப்பது கூரை ஒழுகல் என்று நினைக்கிறார்கள். உள்ளிருந்து வரும் ஈரம்தான் பெரிய எதிரி. இருவர் எட்டு மணிநேரம் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்கு மேல் நீராவி வெளியாகும். சமைக்கும்போது ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் காற்றில் சேரும். அது போய் உட்காரும் இடம் குளிர்ந்த இரும்புத் தகடு. அதனால் மூடிய நுண்ணறை ஃபோமைத் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டுங்கள். பஞ்சை அள்ளித் திணிப்பதும், இடுக்குகளில் விரியும் ஃபோமைப் பீய்ச்சுவதும் கூடாது. முக்கியமாக, கதவின் அடியிலும் பக்கச் சட்டத்திலும் உள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் உள்ளிருந்தே துரு தின்னும். காற்று உள்ளே வரத் தாழ்வாக ஒரு துளை, வெளியேறக் கூரை ஃபேன். இரவு முழுக்க அது மிகக் குறைந்த வேகத்தில் ஓடட்டும். மெத்தைக்குக் கீழே முழுப் பலகை போட்டால் சில வாரங்களில் அடிப்பக்கம் பூஞ்சை பூக்கும். இடைவெளி விட்ட பட்டைச் சட்டங்கள் போடுங்கள்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும் பெட்டி, வசிக்கும் பக்கம் காற்றுப்புகாமல் மூடப்பட்டு, அடியில் நேராக வெளியே திறக்கும் துளையோடு இருக்கவேண்டும். பியூட்டேன் உறைநிலையருகே ஆவியாகாது. குளிர்ப் பகுதிக்குப் போகிறவர்களுக்குப் புரோப்பேன். அடுப்பைக் கணப்பாகப் பயன்படுத்தவே கூடாது என்று எழுதி ஒட்டுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் தலைமாட்டருகே மாட்டுங்கள். டீசல் ஹீட்டர் வைத்தால் புகைக்குழாயைப் பக்கக் கதவுக்கடியில் விடாதீர்கள், எரிவதற்குக் காற்றை இழுக்கும் குழாயைப் புகைக்குழாய்க்கு அருகில் வைக்காதீர்கள். எப்போதும் குறைந்த அளவிலேயே ஓட்டினால் கரி அடையும். வாரத்துக்கு ஒருமுறை கால் மணிநேரம் முழு வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள்.

படுக்கையைக் குறுக்குவாட்டில் போட்டால் இடம் மிச்சம்தான். ஆனால் உட்பக்கம் படுப்பவர் இரவில் எழ மற்றவரைத் தாண்டவேண்டும். வருபவர்களைத் தரையில் கோடு போட்டுப் படுக்கவைத்துப் பார்த்து முடிவெடுங்கள். தினமும் மேசையைப் பிரித்துப் போடும் படுக்கை காகிதத்தில் அழகு. தொடர்மழையில் யாரும் அதை மடிப்பதில்லை, மேசை இல்லாமலே ஆகிவிடுகிறது. இருபக்கமும் தனித்தனி விளக்கு, தனித்தனி சுவிட்ச். செலவு அற்பம், சண்டை மிச்சம்.

கடைசியாக நாங்கள் கேட்பது காகிதம். அச்சு வாரியான எடைச் சீட்டு. எந்த வயர் எத்தனை ஸ்கொயர், எந்த ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று எழுதிய வரைபடம். பலகை மூடும் முன் சுவர்களை எடுத்த படங்கள். இவற்றோடு மாற்று ஃபியூஸ்களும் பம்ப் வாஷரும் ஒரு டப்பாவில். வண்டியை ஒப்படைக்கும் நாளில் ஆணிடம் மட்டும் விளக்கிவிட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள். மெயின் சுவிட்சையும் கேஸ் வால்வையும் இருட்டில் தடவியே மூடத் தெரிகிறதா என்று இருவரையும் தனித்தனியே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குறைந்த செலவில் இருவராகப் பயணிக்கும் கேம்பர் வேன்காரர்கள்