பின்வாசலுக்கு எந்தக் கதவு?

ஒட்டாவா, கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

புது வீட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, பின்வாசலுக்கு என்ன கதவு போடுகிறார்கள் என்று போனில் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதுவும் கதவு பற்றி உங்களிடம் பேசுவதென்றால் விவரமாகச் சொல்ல வேண்டும்.

இங்கே சாப்பாட்டு அறையிலிருந்து பின்பக்க மரத்தளத்துக்குப் போக முழுக்கண்ணாடிக் கதவு வைப்பார்கள். அகலம் ஆறடி, உயரம் ஆறடி எட்டு அங்குலம் என்பது பரவலான அளவு. ஸ்லைடிங் வேண்டுமா, கீல் போட்ட இரட்டைக் கதவு வேண்டுமா என்று கட்டுகிறவர் கேட்டார். உங்கள் மாப்பிள்ளை ஸ்லைடிங் என்றார், நான் கீல் கதவு என்றேன்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஸ்லைடிங் கதவு இடத்தை அடைக்காது, மேசையைக் கதவோரம் வரை போடலாம். கோடையில் இங்கேயும் கொசுத்தொல்லைதான், வலைக்கதவும் பக்கத்திலேயே ஓடிவிடும். விலையும் குறைவு. ஆனால் ஒரு பாதி நகராது என்பதால் ஆறடி வாசலில் மூன்றடிகூட முழுசாகத் திறக்காது.

எனக்குக் குளிரை நினைத்துத்தான் கவலை. ஜனவரி ராத்திரிகளில் மைனஸ் 25 வரைகூடப் போகும். வாடகை வீட்டில் ஸ்லைடிங் கதவோடுதான் இருந்தோம். கதவு ஓட வேண்டுமே, அதனால் ஓரங்களில் பிரஷ் மாதிரி மெல்லிய இழைகள் உள்ள பட்டைதான் ஒட்டியிருப்பார்கள். அது காற்றை முழுக்க நிறுத்தாது. வீட்டுக்குள் இருக்கும் ஈரம் பூட்டு ஓரத்தில் படிந்து, உள்பக்கமே ஐஸ் கட்டும். பகலில் உருகி, கீழே கதவு ஓடும் பாதையில் தேங்கிய தண்ணீர் ராத்திரி உறைந்துவிட்டால் காலையில் கதவு அசையாது. முடி காயவைக்கும் டிரையரைக் காட்டி உருக்கித்தான் திறப்போம்.

கீல் கதவில் நிலையைச் சுற்றி ரப்பர் ஓடுகிறது. மூடிவிட்டுக் கைப்பிடியை மேலே தூக்கினால் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் பூட்டு விழுந்து, கதவை ரப்பரோடு இறுக்கிவிடும். கடையில் மாதிரிக் கதவை மூடி மூடிப் பார்த்தேன். நீங்கள் பார்த்தால் விடமாட்டீர்கள் அப்பா. மரம் இல்லை, ஃபைபர்கிளாஸ், நடுவில் நுரை அடைத்தது. கண்ணாடி இரண்டு அடுக்கு, இடையில் ஆர்கான் வாயு.

எந்தப் பக்கம் திறப்பது என்பதுதான் அடுத்த பிரச்சினை. வெளியே திறக்கிற மாதிரி வைத்தால், ராத்திரி கொட்டிய பனி கதவோரம் குவிந்து காலையில் தள்ளவே முடியாது. அதனால் உள்பக்கம் திறக்கிற மாதிரி வைக்கச் சொல்லிவிட்டோம். ஒரு கதவைத்தான் தினமும் திறப்போம், மற்றது மேலும் கீழும் தாழிட்டே இருக்கும். மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் போதும் என்று உங்கள் மாப்பிள்ளையும் ஒத்துக்கொண்டார்.

அப்புறம், தம்பி நம் செங்கோட்டை வீட்டு மாடி பால்கனிக்கு ஸ்லைடிங் போடப் போவதாகச் சொன்னான். அது மேற்குப் பார்த்த வாசல். ஜூன், ஜூலையில் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் நேராக அங்கேதான் அடிக்கும். ஸ்லைடிங் பாதையில் தண்ணீர் வெளியே போகச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். தூசியும் இலையும் அவற்றை அடைத்துக்கொண்டால் தண்ணீர் அறைக்குள்தான் வரும். அங்கே வெளியே திறக்கும் கீல் கதவுதான் சரி. காற்று தள்ளத் தள்ளக் கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளும், வழிகிற தண்ணீரும் வெளியிலேயே சொட்டும். செங்கோட்டையில் மரத்துக்கா பஞ்சம்? நல்ல தேக்காக நீங்களே பார்த்து எடுங்கள். மேலே சன்ஷேடு அகலமாக இருக்கட்டும். திறந்த கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க வலுவான கொக்கியும் வேண்டும். கிழக்குப் பக்க அறையில் வேண்டுமானால் அவன் ஆசைப்படி ஸ்லைடிங் போட்டுக்கொள்ளட்டும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த வாசலின் அளவையும் ஒரு படத்தையும் அவனை அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் கதவு பொருத்தியதும் பூட்டு எப்படி விழுகிறது என்று உங்களுக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
அன்பு மகள்