பழைய டிஷ்வாஷரில் இன்னும் பணம் போடலாமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "மிஷின் வாங்கி எட்டு வருஷம் ஆச்சு, இப்ப சரியாக் கழுவ மாட்டேங்குது. ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்கிடறதா?" எங்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. போனிலேயே பதில் சொல்லிவிட முடியாததால் இந்த மடல்.

டிஷ்வாஷர் பொதுவாக 10 வருடம் உழைக்கும். தண்ணீர் நன்றாக இருந்து, பார்த்துப் பயன்படுத்தினால் அதையும் தாண்டி ஓடும். உவர்த் தண்ணீரில் 5 வருடத்திலேயே படுத்துவிடுவதும் உண்டு. அதனால் நாங்கள் வயதை இரண்டாவதாகத்தான் பார்க்கிறோம். எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பல சமயம் எந்தப் பாகமுமே போயிருக்காது.

பாத்திரத்தில் அழுக்கு அப்படியே இருக்கிறது என்றால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். கீழ்த்தட்டை வெளியே எடுத்தால் தரையில் உருளை வடிவச் சல்லடை ஒன்று தெரியும். திருகினால் கையோடு வந்துவிடும். பிசுக்கு ஏறியிருந்தால் வெந்நீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அந்தக் குழிக்குள் கைவிடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டு உள்ளே கிடக்கலாம், வெறுங்கையால் துழாவாதீர்கள்.

அடுத்து, தண்ணீர் பீச்சும் கைகள். இவற்றைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். பழ விதையோ, பல்குத்தும் குச்சியின் துண்டோ உள்ளே கலகலவென்று உருளும். ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எது அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தால் போதும். திரும்ப மாட்டியதும் கையால் ஒருமுறை சுற்றிவிடுங்கள். நீளமான கரண்டிக் காம்பு ஒன்று இடித்துக்கொண்டிருந்தால்கூட மேல்தட்டு முழுக்கக் கழுவாமல் போகும்.

கண்ணாடி டம்ளர்களில் வெள்ளை படிகிறது என்று சொல்பவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு டம்ளரில் வினிகரைத் தடவிச் சிறிது நேரம் விட்டுக் கழுவுங்கள். வெள்ளை போய்விட்டால் அது தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு. மிஷினுக்குள் உப்பு போட்டுவைக்கும் டப்பா காலியாக இருக்கும், பெரும்பாலும் அதுதான் காரணம். மிஷினுக்குள் இருக்கும் பிசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைக்கும். உப்புநீர் பாய்ந்து அந்த மணிகளைக் கழுவிவிட்டால்தான் அவை மறுபடி வேலை செய்யும். டிஷ்வாஷருக்கென்றே விற்கும் உப்பைத்தான் போட வேண்டும். சமையல் தூள் உப்பில் வேறு பொருட்கள் கலந்திருக்கும், பொடியாக இருப்பதால் கட்டியாகி அடைத்தும் கொள்ளும். உப்பு நிரப்பியதும் ஒருமுறை மிஷினை ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்பு அப்படியே கிடந்தால் ஸ்டீலை அரிக்கும்.

வினிகருக்கும் போகவில்லையா? அப்படியானால் அது படிவு அல்ல, கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. அந்த டம்ளர் இனித் தெளியாது. மென்மையான தண்ணீரில் அளவுக்கு மீறிப் பவுடர் போட்டு, அதிகச் சூட்டில் ஓட்டினால் இப்படி ஆகும். இங்கே பவுடரைக் குறைக்க வேண்டும். பலர் "சரியாகக் கழுவவில்லை" என்று நினைத்து இன்னும் கூட்டுகிறார்கள்!

தண்ணீர் வெளியேறாமல் நின்றால், பின்பக்கக் குழாய் மடங்கியிருக்கிறதா, சிங்க்கின் அடிக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உர்ரென்று சத்தம் மட்டும் வந்தால் வடிகால் பம்பின் சிறு விசிறியில் ஏதோ சிக்கியிருக்கலாம். தண்ணீர் உள்ளே வரவே இல்லை என்றால் குழாயை மூடி, மிஷினுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அதன் முனையிலுள்ள வலையைக் கழுவிப் பாருங்கள். கதவோரம் நுரை பொங்கி வழிந்தால், யாரோ கையால் கழுவும் சோப்புத் திரவத்தை ஊற்றியிருக்கிறார்கள்; அதற்கு மெக்கானிக் தேவையில்லை.

மிஷின் ஓடாதபோதும் வடிகால் பம்ப் விடாமல் ஓடுகிறதா? மிஷினின் அடியில், தொட்டிக்கும் கீழே இருக்கும் தட்டில் தண்ணீர் தேங்கி, வெள்ளப் பாதுகாப்பு சுவிட்ச் மேலேறியிருக்கிறது என்று அர்த்தம். மிஷினைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சத்தம் நிற்கும், கசிவு நிற்காது. குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். போட்டவுடன் பிரேக்கர் விழுந்தாலும், கருகிய வாடை வந்தாலும் இதேதான். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

சரி, இதெல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு நிஜமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் வரும் வால்வு, வடிகால் பம்ப், கதவுப் பூட்டு, கதவு ரப்பர், ஸ்பிரிங், தட்டுச் சக்கரம் இவையெல்லாம் சில்லறைப் பாகங்கள். உள்தொட்டி நன்றாக இருந்தால் 12 வருட மிஷினுக்கும் தயங்காமல் மாற்றலாம்.

யோசிக்க வேண்டியது ஹீட்டரும், மிஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டும்தான். ஓட்டம் முடிந்ததும் பாத்திரம் சில்லென்று இருந்தால் தண்ணீர் சூடாகவில்லை. இதில் ஒரு வேடிக்கை: பழைய மாடல்கள் பலவற்றில் ஹீட்டர் தனியாக இருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும். பிந்தைய மாடல்கள் பலவற்றில் ஹீட்டரும் கழுவும் பம்பும் ஒரே பாகம், சேர்த்துத்தான் வாங்க வேண்டும். ஆக, வயதான மிஷினுக்குச் செலவு குறைவாக ஆவதும் உண்டு. ஹீட்டர் நன்றாக இருந்து, போர்டில் ரிலேயின் (ஹீட்டருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச்) ஈயப்பற்று மட்டும் கருகியிருப்பதையும் பார்க்கிறோம். எந்தக் கடைக்குப் போனாலும், புதுப் போர்டுக்குச் சரி சொல்லும் முன் "பற்றவைத்தால் சரியாகுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

கழுவும் மோட்டாரே போய்விட்டாலோ, அடிக்கட்டு துருப்பிடித்து உதிர்ந்தாலோ, உள்தொட்டியின் இணைப்பில் ஓட்டை விழுந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஓட்டை விழுந்த தொட்டிக்கு நாங்கள் வேலை எடுப்பதே இல்லை. மற்றபடி, ரிப்பேர் செலவு அதே தரத்துப் புது மிஷின் விலையில் பாதியைத் தாண்டி, மிஷினுக்கும் 7, 8 வருடம் ஆகியிருந்தால் புதிது வாங்குவதே மேல். ஒரே வருடத்தில் இரண்டாவது பெரிய கோளாறு வந்தாலும் அப்படித்தான். கழற்றிய மிஷினிலிருந்து எடுத்த போர்டைச் சோதித்துப் போடலாம். பழைய பம்ப் வேண்டாம் என்பது எங்கள் பழக்கம். தண்ணீர் கசியாமல் காக்கும் அதன் சீல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

"புதுசு வாங்கினால் கரண்டும் தண்ணீரும் மிச்சம்" என்பார்கள். பொய்யில்லை. இப்போதைய மிஷின்கள் பல, ஈகோ என்ற சிக்கன ஓட்டத்தில் 10 லிட்டர் சொச்சம் தண்ணீரில் முடித்துவிடும். ஆனால் இதற்காக மட்டும் நன்றாக ஓடும் மிஷினைத் தள்ளிவிடத் தேவையில்லை. கரண்டின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. உங்கள் பழைய மிஷினிலேயே குறைந்த சூட்டு ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு மிச்சமாகும். அப்புறம், ஈகோ ஓட்டம் 3 மணி நேரத்துக்கு மேலும் போகலாம். புதிது வாங்கியவர்கள் "மிஷின் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று எங்களுக்குப் போன் செய்வது இதனால்தான். வாங்கும் முன் மிஷின் வைக்கும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள்: 60 செ.மீ. அகலமா, 45 செ.மீ. அகலமா?

எங்களைக் கூப்பிடும்போது கதவைத் திறந்து அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மாடல் எண் தெரிந்தால் பாகம் கிடைக்குமா என்று வரும் முன்பே பார்த்துவிடுவோம். திரையில் காட்டிய எழுத்தும் எண்ணும் என்ன, தண்ணீர் எடுக்கும்போது நின்றதா, கழுவும்போதா, வடிக்கும்போதா என்றும் சொல்லுங்கள். கசிவு என்றால், பிளக்கைப் பிடுங்கியபின் தரையைத் துடைப்பதற்கு முன் ஒரு போட்டோ. தண்ணீர் முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்பதிலேயே எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் சர்வீஸ் கடையினர்